கைநாட்டும் களவு போகிறது!

சென்ற மாதம் தஞ்சைத் தரணியிலிருந்து ஒரு விவசாயத் தொழிலாளி அம்மாள் நமது அலுவலகத்திற்கு வந்தார். அறுபது வயதைத் தாண்டியவர். கையில் ஒரு பாஸ் புத்தகம். அதற்குள் மடித்து வைத்த ஆதார் அட்டை. நூறு நாள் வேலைக் கூலியும் முதியோர் பென்ஷனுமாக அவர் பேரில் பாங்கில் சேர்ந்திருந்த பணத்தில் 6,500 ரூபாயைக் காணோம்.

எடுத்தது யார்? "நீங்கள்தான் எடுத்திருக்கிறீர்கள். உங்கள் விரல் ரேகை பதிவாகியிருக்கிறது" என்கிறது பாங்கு. அம்மாள் மானேஜரைக் கேட்டாராம்: "என் விரலு என் கையிலதானேய்யா இருக்கு? நான் இல்லாம அது எப்படிப் போயிப் பணம் எடுக்கும்?" மானேஜர் பதில் சொல்லவில்லை. அடுத்த ஆளைக் கூப்பிட்டுவிட்டார்.

அந்தக் கேள்விக்கு இந்த வாரம் நாம் பதில் சொல்ல விரும்புகிறோம்.

நடந்தது இதுதான். பாங்குக் கிளை அவர் கிராமத்திலிருந்து பத்து மைல். ஆகவே ஊரிலேயே கமிஷனுக்கு வேலை செய்யும் "பாங்கு மித்ரா"விடம் போகிறார். அவரிடம் ஒரு சிறு இயந்திரம் இருக்கிறது. அட்டை வேண்டாம், ரகசிய எண் வேண்டாம், கையெழுத்தும் வேண்டாம். பாங்கின் பெயர், ஆதார் எண், விரல் ரேகை, இந்த மூன்றும் போதும். அம்மாள் ஆயிரம் ரூபாய் கேட்டு விரலை வைக்கிறார். "சர்வர் இல்லை, மறுபடி வையுங்கள்" என்கிறார் அந்த ஆள். மறுபடி வைக்கிறார். "இன்னும் ஒரு தடவை." வைக்கிறார். மூன்று தடவையும் இயந்திரம் வேலை செய்திருக்கிறது! மூன்று தடவையும் பணம் போயிருக்கிறது. கைக்கு வந்ததோ ஆயிரம். ரசீது கிடையாது. பாங்கில் பாஸ் புத்தகம் பதியும் இயந்திரம் மாதக் கணக்கில் பழுது. பாங்கு அனுப்பும் குறுஞ்செய்தி, மகன் எப்போதோ தொலைத்துவிட்ட செல்போன் நம்பருக்குப் போய்க்கொண்டிருக்கிறது. இப்படியே நாலு மாதம்.

கைநாட்டு நமது வர்க்கத்திற்குப் புதிய விஷயமல்ல. மிராசுதார் வீட்டுத் திண்ணையில் வெற்றுப் பத்திரத்தில் கட்டைவிரலைப் பதித்துக் கொடுத்துவிட்டு, அதில் பின்னால் என்ன எழுதப்பட்டது என்று தெரியாமலே தலைமுறை தலைமுறையாகப் பண்ணையில் கிடந்த கதை கீழத்தஞ்சையில் வீட்டுக்கு வீடு உண்டு. வாங்கியது இரண்டு மூட்டை நெல். பத்திரத்தில் நிற்பது இருபது. 1952-ல் வந்த தஞ்சாவூர்ப் பண்ணையாள் பாதுகாப்புச் சட்டம் சர்க்காரின் தயாளத்தால் வந்துவிடவில்லை. செங்கொடியின் கீழ் நின்று அடிபட்டவர்களும் சிறைபட்டவர்களும் அதைக் கொண்டு வந்தார்கள்.

இந்த ரேகை வித்தை பிறந்த கதையையும் தோழர்கள் தெரிந்துகொள்ள வேண்டும். 1858-ம் வருஷத்தில் வங்காளத்தில் ஜங்கிப்பூரில் வில்லியம் ஹெர்ஷல் என்ற வெள்ளைக்கார அதிகாரி இருந்தார். சாலை போடும் பொருள்களைக் கொண்டுவந்து கொடுக்க ராஜ்யதர் கோனாய் என்பவருடன் ஒப்பந்தம் போட்டார். பின்னால் "இது என் கையெழுத்தல்ல" என்று அவர் மறுத்துவிடக் கூடாதென்று பயமுறுத்துவதற்காக, அவர் கையில் மை பூசிப் பத்திரத்தில் பதியவைத்தார். ஆண்டவன், ஆளப்பட்டவனை நம்பாததில் பிறந்தது இது. 1906-ல் தென்னாப்பிரிக்காவில் டிரான்ஸ்வால் சர்க்கார் இந்தியர் அனைவரும் பத்து விரல் ரேகையையும் கொடுத்துப் பதிந்துகொள்ள வேண்டுமென்று சட்டம் போட்டபோது, காந்தி அதைக் கறுப்புச் சட்டம் என்றார். 1908 ஆகஸ்ட் 16-ந் தேதி ஜோகன்னஸ்பர்க்கில் ஹமீதியா மசூதி முன்னால் அந்தப் பதிவுச் சீட்டுகள் கொப்பரையில் போட்டுக் கொளுத்தப்பட்டன. அந்தச் சத்தியாக்கிரகத்தில் சிறை சென்றவர்களில் தமிழர்கள் ஏராளம்.

அட்டையைக் கொளுத்துங்கள் என்று நாம் இன்று சொல்லவில்லை. அரிசியும் கூலியும் பென்ஷனும் அதோடு கட்டப்பட்டுவிட்டன. 2024 ஜனவரி 1 முதல் நூறு நாள் வேலைக் கூலியும் ஆதார் வழியாகத்தான் என்று கட்டாயமாக்கியதை மறந்துவிட முடியுமா? கொளுத்த முடியாத ஒன்றைத் திருடன் கைக்குப் போகாமல் காப்பது எப்படி என்பதுதான் இன்றுள்ள பிரச்னை.

இதில் ஒரு கொடுமையைப் பாருங்கள். நாற்றுப் பறித்து, களை எடுத்து, சாயப் பட்டறையில் கை வெந்து, நூல் இழுத்துத் தேய்ந்த விரலில் ரேகை நிற்பதில்லை. மத்திய சர்க்காரே வெளியிட்ட 2016-17-ம் வருஷத்துப் பொருளாதார ஆய்வறிக்கை, உண்மையான பயனாளியை இயந்திரம் அடையாளம் காணத் தவறுவது ஜார்க்கண்டில் 49 சதவீதம், ராஜஸ்தானில் 37 சதவீதம் என்ற மதிப்பீடுகளை எடுத்துக் கூறிற்று. உழைத்தவனின் சொந்த விரலுக்கு அரிசி இல்லை. ஆனால் அச்சு எடுத்த போலி விரலுக்கோ அந்த இயந்திரம் வழிவிட்டிருக்கிறது! 2018-ல் தெலங்கானாவில் ஒரு சிம் கார்டு வியாபாரி பிடிபட்டான். பத்திரப் பதிவு இலாகாவின் இணையதளத்தில் யாரும் பார்க்கும்படி கிடந்த கிரயப் பத்திரங்களிலிருந்து ஜனங்களின் விரல் ரேகையை எடுத்து, போலி ரேகை செய்து, அவர்கள் பெயரில் ஆயிரக்கணக்கான சிம் கார்டுகளை ஓடவிட்டிருக்கிறான். எதற்கு? விற்பனை இலக்கை எட்டிக் காட்டுவதற்கு என்றது போலீஸ். போலி விரலைக் கண்டுபிடிக்கும் புதிய ஏற்பாடு செய்துவிட்டோம் என்று ஆதார் ஆணையம் 2023 பிப்ரவரியில் அறிவித்தது. நல்லது. ஆனால் "மறுபடி வையுங்கள்" என்று சொல்லி நிஜ விரலையே வாங்கிக்கொள்பவனை எந்த ஏற்பாடு கண்டுபிடிக்கும்? 2020-ல் ஜார்க்கண்டில் சிறுபான்மை ஏழைப் பிள்ளைகளின் படிப்புதவித் தொகையைத் தரகர்களும் பாங்குக் கமிஷன் ஆட்களும் கூடிச் சாப்பிட்டது அம்பலமாயிற்றே, அங்கேயும் குடும்பத்தாரின் நிஜமான ஆதாரையும் விரல் ரேகையையும் வாங்கித்தான் வேலை நடந்தது.

ஆலைத் தொழிலாளத் தோழர்கள், "இது கிராமத்துச் சமாசாரம், நமக்கென்ன" என்று இருந்துவிட வேண்டாம். உங்கள் பிராவிடண்ட் பண்டைப் பாருங்கள். 2021-ல் பம்பாயில் காந்திவிலி பி.எப். அலுவலகத்தில், மூடிக் கிடந்த கம்பெனிகளின் பெயரில் பொய்க் கணக்குகளும் பொய் மனுக்களும் தயாரித்துப் பதினெட்டுக் கோடி ரூபாய்க்கு மேல் சுருட்டப்பட்டது வெளிவந்து, சி.பி.ஐ. வழக்குப் போட்டது. பணம் போய்ச் சேர்ந்த கணக்குகள் யாருடையவை? பிழைக்க வந்த ஏழைத் தொழிலாளர்களுடையவை. சில ஆயிரம் ரூபாய் கமிஷனுக்கு அவர்கள் ஆதாரையும் பாங்குக் கணக்கையும் கொடுத்திருந்தார்கள். தொழிலாளியின் பெயரை வைத்தே தொழிலாளர் பண்டைத் திருடியிருக்கிறார்கள்! பி.எப். அலுவலக வாசலில் நிற்கும் தரகரிடம் யூ.ஏ.என். நம்பரையும் அதன் பாஸ்வேர்டையும் எழுதிக் கொடுத்துவிட்டு வரும் தோழர்கள் இதை யோசிக்க வேண்டும்.

இன்னொன்று, "வாடகைக் கணக்கு." ஆலை விடுதிகளில் இருக்கும் வாலிபர்களிடமும், வடக்கேயிருந்து வந்து திருப்பூரிலும் கோவையிலும் வேலை செய்யும் தோழர்களிடமும் ஒருவன் சிநேகமாக வருவான். "உன் பேரில் ஒரு கணக்கைத் திற. அட்டையையும் சிம்மையும் என்னிடம் கொடு. மாதாமாதம் பணம் தருகிறேன்" என்பான். அந்தக் கணக்கில் வந்து விழுவது, எங்கோ ஒருவரை ஏமாற்றி வாங்கிய பணம். போலீஸ் தேடி வருவது கணக்குக்குச் சொந்தக்காரனை. வாடகைக்காரனை அல்ல. பெயரை வாடகைக்கு விட்ட தோழன், களவில் பாதிக்கப்பட்டவன் என்று கோர்ட்டில் சொல்லித் தப்புவது கஷ்டம். கண்டிப்பாகவே சொல்கிறோம், இதைச் செய்யாதீர்கள். கூலி ஆட்களின் ஏ.டி.எம். அட்டைகளைக் கட்டுக்கட்டாகத் தன் பையில் வைத்திருக்கும் காண்டிராக்டரிடமிருந்தும் அட்டைகளைத் திரும்பக் கேளுங்கள். தனியாகக் கேட்டால் மறுநாள் வேலை இருக்காது. எல்லாரும் சேர்ந்து கேளுங்கள்.

கூலிக்காரன் பெயரில் கம்பெனியும் முளைக்கிறது. லோன் வாங்கித் தருகிறேன், வேலை வாங்கித் தருகிறேன் என்று ஆதார், பான் கார்டு, போட்டோ வாங்கிப் போகிறார்கள். ஒரு வருஷம் கழித்து, மழைக்கு ஒழுகும் வீட்டுக்கு ஜி.எஸ்.டி. நோட்டீஸ் வருகிறது, கோடி ரூபாய் வரி பாக்கி என்று! 2023 மே 16 முதல் ஜூலை 15 வரை நடத்திய சோதனையில் 21,791 ஜி.எஸ்.டி. பதிவுகளுக்கு ஆளே இல்லை என்றும், 24,010 கோடி ரூபாய் வரி ஏய்ப்பு நடந்திருக்கலாமென்றும் சர்க்காரே கூறிற்று. அத்தனையும் தொழிலாளிகளின் பெயரில் என்று நாம் சொல்லவில்லை. ஆனால் அதில் மில் முதலாளியின் பெயரைத் திருடிப் போட்ட பதிவு எத்தனை இருக்கும் என்று வாசகர்களே ஊகித்துக்கொள்ளலாம்.

சந்து பொந்துத் திருடனை மட்டும் திட்டிவிட்டு நிறுத்திக்கொண்டால் நாம் தவறு செய்தவர்களாவோம். 2017-ல் ஏர்டெல் கம்பெனி என்ன செய்தது? சிம் கார்டைச் சரிபார்ப்பதற்கென்று ஜனங்கள் கொடுத்த ஆதார் சரிபார்ப்பைக் கொண்டு, அவர்களுடைய தெளிவான சம்மதமில்லாமலே தன் "பேமெண்ட்ஸ் பாங்கு" கணக்குகளைத் திறந்துவிட்டது. இலட்சக்கணக்கான குடும்பங்களின் சமையல் காஸ் மானியம் அந்தக் கணக்குகளுக்குள் போய் விழுந்தது. பணம் எங்கே போயிற்றென்று தாய்மார்கள் காஸ் ஏஜன்ஸிக்கும் பாங்குக்குமாக அலைந்தார்கள். 2018 மார்ச்சில் ரிசர்வ் பாங்கு அதற்கு ஐந்து கோடி ரூபாய் அபராதம் போட்டது. யாராவது ஜெயிலுக்குப் போனார்களா? இதே காரியத்தைக் கடைத்தெருவில் ஒரு பையன் செய்திருந்தால் அவனுக்குப் பெயர் திருடன். தகவல் தொழில்நுட்பச் சட்டத்தின் 66-சி பிரிவின்படி, பிறர் அடையாளத்தைத் திருடினால் மூன்று வருஷம் வரை சிறை. கம்பெனி செய்தால் அதற்குப் பெயர் "விதிமீறல்."

சர்க்காரின் யோக்கியதை எப்படி? 2018 ஜனவரியில் சண்டிகாரில் வெளியாகும் டிரிப்யூன் பத்திரிகையின் நிருபர், ஐந்நூறு ரூபாய் கொடுத்துப் பத்தே நிமிஷத்தில் ஆதார் விவரங்களைப் பார்க்கும் வழியை விலைக்கு வாங்கி அம்பலப்படுத்தினார். ஆதார் ஆணையத்தின் புகாரில் போலீஸ் பதிந்த வழக்கில் அந்த நிருபரின் பெயரும் ஏறியது! திருடன் திருடன் என்று கூவியவன் பெயரையும் குற்றவாளிப் பட்டியலில் சேர்த்த கதை இது. 2022 மே 27-ல் அதே ஆணையத்தின் பெங்களூர் அலுவலகம், "ஆதார் நகலைக் கண்டவரிடமும் கொடுக்காதீர்கள், அது தவறாகப் பயன்படக்கூடும்" என்று ஒரு நல்ல எச்சரிக்கை வெளியிட்டது. இரண்டே நாளில் தலைமை அதை வாபஸ் வாங்கிக்கொண்டது. உண்மையைச் சொன்னது பிசகாம். 2016-ல் போட்ட ஆதார் சட்டத்தின் 47-வது பிரிவைப் பாருங்கள். அந்தச் சட்டத்தின் கீழ் ஆணையம் புகார் செய்தாலன்றிக் கோர்ட்டு வழக்கை எடுக்கக் கூடாது. ரேகையைப் பறிகொடுத்தவன் புகார் செய்ய முடியாது. 2019-ல் சட்டத்தைத் திருத்திய பிறகுதான், பாதிக்கப்பட்டவரும் புகார் செய்யலாம் என்று ஆயிற்று.

இனி அந்த அம்மாளின் மானேஜர் விஷயத்திற்கு வருவோம். "உங்கள் ரேகை, ஆகவே உங்கள் பொறுப்பு" என்று அவர் சொன்னது தவறு. கமிஷன் ஆட்களை வைத்துக்கொள்ள பாங்குகளுக்கு 2006-ல் ரிசர்வ் பாங்கு அனுமதி கொடுத்தபோதே, அந்த ஆட்கள் செய்வதற்கும் செய்யத் தவறுவதற்கும் பாங்கே பொறுப்பு என்று எழுதி வைத்திருக்கிறது. 2017 ஜூலை 6-ந் தேதிச் சுற்றறிக்கை இன்னும் தெளிவு. பாங்கின் தவறாலோ அதன் ஆளின் மோசடியாலோ பணம் போனால் வாடிக்கைக்காரருக்கு நஷ்டமில்லை. மூன்றாம் ஆள் திருட்டானால், பாங்கிலிருந்து தகவல் கிடைத்த மூன்று வேலை நாட்களுக்குள் சொல்லிவிட்டால் அப்போதும் முழுப் பணமும் திரும்பும். சொன்ன பத்து வேலை நாட்களுக்குள் பாங்கு அந்தத் தொகையைக் கணக்கில் வரவு வைக்க வேண்டும். எடுத்தது வாடிக்கைக்காரர்தான் என்று நிரூபிக்க வேண்டிய சுமையும் பாங்கின் தலையில்தான். தகவல் வந்து சேரவே இல்லையென்றால் கெடு எங்கே தொடங்கிற்று? இதைக் கேட்டு எழுத்து மூலம் மனுக் கொடுத்து, நகலில் முத்திரை வாங்க வேண்டும். முப்பது நாளில் பதில் இல்லாவிட்டாலோ, திருப்தியில்லாவிட்டாலோ ரிசர்வ் பாங்கின் குறைதீர்ப்பு அதிகாரிக்குப் போகலாம். கட்டணம் கிடையாது. 14448 என்ற எண்ணில் வழி கேட்கலாம். அந்த அம்மாளுக்காக நமது தோழர்கள் எழுதிக் கொடுத்த மனு பாங்கின் மேஜையில் இருக்கிறது. விளைவை வாசகர்களுக்குத் தெரிவிப்போம்.

பணம் போனது தெரிந்தவுடனே, அன்றைக்கே, 1930 என்ற எண்ணுக்குப் போன் செய்யுங்கள். சைபர் குற்றப் புகாருக்கான எண் அது. சில மணி நேரத்தில் சொன்னால் பணம் கைமாறுவதற்கு முன் நிறுத்த வழியுண்டு. போலீஸ் ஸ்டேஷனில் புகார் கொடுத்தால் சி.எஸ்.ஆர். ரசீது வாங்காமல் எழுந்து வரக்கூடாது.

பறிபோகாமல் காக்க முக்கியமான காரியம் ஒன்று உண்டு. விரல் ரேகையைப் பூட்டி வைக்கலாம். ஆதாரில் செல்போன் எண் சேர்த்திருந்தால் ஆதார் செயலி மூலமோ, ஆதார் சேவை மையத்திலோ இதைச் செய்துகொள்ளலாம். பூட்டிவிட்டால் அந்த ரேகையைக் கொண்டு யாரும் பணம் எடுக்க முடியாது. ஆனால் ஜாக்கிரதை, ரேஷன் கடை இயந்திரமும் அப்போது உங்கள் விரலை ஏற்காது. அரிசி வாங்கப் போகுமுன் தற்காலிகமாகத் திறந்துகொள்ள வேண்டும். படித்த பிள்ளை வீட்டில் இருந்தால் இரண்டு நிமிஷ வேலை. இல்லாதவர்களுக்கு இது தொல்லைதான். அவர்கள் கணக்கில் விரல் வைத்துப் பணம் எடுக்கும் வழியையே அடைத்துவிடும்படி பாங்கில் எழுத்து மூலம் கேட்கலாம். உங்கள் ஆதாரை எங்கெங்கே எப்போது பயன்படுத்தினார்கள் என்ற ஆறு மாதப் பட்டியலையும் ஆணையத்திடமிருந்து பார்த்துக்கொள்ளலாம். சந்தேகத்துக்கு 1947 என்ற எண். நாடு விடுதலையடைந்த வருஷம், மறக்காது.

பணம் எடுக்கும் இடத்தில் "சர்வர் இல்லை" என்று சொன்னால், அந்தத் தோல்விக்கும் ரசீது கேளுங்கள். ரசீது இல்லாமல் இரண்டாம் தடவை விரல் வைக்காதீர்கள். ஜெராக்ஸ் நகல் கொடுக்கும்போது அதன் குறுக்கே "இன்ன காரியத்துக்கு மட்டும்" என்று எழுதித் தேதி போடுங்கள். முதல் எட்டு இலக்கங்களை மறைத்த ஆதாரும் உண்டு. பல இடங்களில் அதுவே போதும். கடைக்காரர் கெட்டுப்போனதென்று குப்பையில் போடும் நகலையும் கையோடு வாங்கி வாருங்கள். உங்கள் பெயரில் எத்தனை சிம் ஓடுகின்றன என்பதை மத்திய சர்க்காரின் சஞ்சார் சாத்தி இணையதளத்தில் பார்க்கலாம். உங்கள் பெயரில் என்னென்ன கடன் இருக்கிறதென்ற அறிக்கையைச் சிபில் போன்ற கம்பெனிகள் வருஷத்துக்கு ஒருமுறை இலவசமாகக் கொடுக்க வேண்டும். 2022-ல் ஒரு கடன் செயலியில் தங்கள் பான் எண்ணை வைத்து யாரோ கடன் வாங்கிவிட்டதாகப் பலர் புகார் செய்தார்கள். அவர்களில் பலருக்கு விஷயம் தெரிந்தது இந்த அறிக்கையைப் பார்த்த பிறகுதான்.

ஆனால் இதையெல்லாம் ஒவ்வொரு தொழிலாளியும் தனித்தனியே செய்துகொள்ளட்டும் என்று விட்டுவிட்டால் சர்க்காருக்கும் பாங்குகளுக்கும் கொண்டாட்டம். பூட்டைக் கட்டாயம் போடச் சொல்வது வீட்டுக்காரனை, சாவியை ஊர் முழுவதும் கொடுத்தது சர்க்கார்! 1969 ஜூலை 19-ல் பதினான்கு பாங்குகளைத் தேசிய உடைமையாக்கியது கிராமத்துக்குக் கிளை வரட்டும் என்றுதான். இன்று கிளைக்குப் பதில் கமிஷன் ஆள். விரல் ரேகை வழியாகப் பணம் கொடுக்கும் அந்த ஆட்களைத் தீர விசாரித்து நியமிக்க வேண்டும், கண்காணிக்க வேண்டும் என்று ரிசர்வ் பாங்கு 2025 ஜூனில் தனி உத்தரவு போட்டது. 2026 ஜனவரி 1-ல்தான் அது அமலுக்கு வந்தது. அதுவரை இருபது வருஷம் யார் கண்காணித்தார்கள்?

கணக்குக்காரர் எழுதிக் கேட்டாலன்றி விரல் வைத்துப் பணம் எடுக்கும் வழி திறந்திருக்கக் கூடாது. அச்சிட்ட ரசீது இல்லாத பட்டுவாடா செல்லாது என்று ஆக்க வேண்டும். ரேகை பொருந்தவில்லையென்று ஒரு கிலோ அரிசிகூட மறுக்கப்படக் கூடாது. கிராமங்களில் பாங்குக் கிளையும் போதிய ஊழியரும் வேண்டும். இந்தக் கோரிக்கைகளை விவசாயத் தொழிலாளர் சங்கமும் பஞ்சாலைத் தொழிலாளர் சங்கமும் பாங்கு ஊழியர் சங்கத் தோழர்களும் ஒன்றாக எழுப்ப வேண்டும். பாங்கு ஊழியர் நமக்கு எதிரியல்ல. நாலு ஆள் வேலையை ஒரு ஆள் பார்க்கிறார்.

அதுவரை காத்திருக்க வேண்டியதில்லை. கூலிப் பட்டுவாடா நாளில் ஆலை வாசலிலும், சந்தை நாளில் கிராமச் சாவடியிலும் சங்கத்தார் ஒரு மேஜை போட்டு உட்காருங்கள். எழுதப் படிக்கத் தெரிந்த இரண்டு வாலிபர்கள் போதும். வருகிறவர்களின் பாஸ் புத்தகத்தை வரி வரியாகப் படித்துச் சொல்லுங்கள். தெரியாத பற்று ஒன்று கண்ணில் பட்டால் அங்கேயே மனு எழுதி, மறுநாள் பத்துப் பேராகப் பாங்குக்குப் போங்கள். எந்த ஊரில் எத்தனை கணக்குப் பார்த்தீர்கள், எத்தனை மனுக் கொடுத்தீர்கள் என்று நமக்கு எழுதுங்கள். பெயரையும் எண்ணையும் எழுத வேண்டாம். விஷயத்தை மட்டும் எழுதினால் போதும், வெளியிடுகிறோம்.